மெதுவாக நடப்பவர் முன்னே போகட்டும்: துணையோடு மலை ஏறுவதும் நன்றி சொல்லக் கற்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் பல வருடங்களாகச் சேர்ந்து மலைப்பாதைகளில் நடக்கிறோம். பெரிய சிகரம் எதையும் தொட்டவர்கள் இல்லை. காலையில் ஏறி, மாலைக்குள் இறங்கிவிடுகிற நடைகள்தான் பெரும்பாலும். இதைக் கேள்விப்படுகிற சபை நண்பர்களும் புதிதாய்த் திருமணமானவர்களும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பாதி சொல்லி மீதியை விட்டுவிடுகிறேன். அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நன்றி சொல்ல மலைக்குத்தான் போக வேண்டுமா? வீட்டில் உட்கார்ந்து சொன்னால் ஆண்டவர் கேட்க மாட்டாரா?

கேட்பார். வீட்டில் சமையலறையில் நின்று சொல்கிற ஸ்தோத்திரத்துக்கும் மலை உச்சியில் சொல்கிறதற்கும் அவரிடத்தில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் நம்மிடத்தில்தான்.

வீட்டில் தண்ணீர் குழாயைத் திறந்தால் வருகிறது. மலையில் அதை முதுகில் சுமந்து ஏறுகிறோம். பாட்டிலில் கடைசி அரை லிட்டர் இருக்கும்போது குடிக்கிற ஒரு மடக்குக்கு வேறு ருசி. நிழல், உட்கார ஒரு தட்டைக் கல், வேர்வையில் படுகிற காற்று, பக்கத்தில் ஓர் ஆள். ஒரு நாள் முழுக்க நம் தேவைகள் இவ்வளவுதான். தேவைகள் சுருங்கும்போது, ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கின்றன.

103-ம் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவைப் பார்த்து, "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறான். மறக்காத ஆளிடம் யாரும் மறவாதே என்று சொல்வதில்லை. மறப்பதுதான் நம் இயல்பு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஞாபகப்படுத்துகிற இடம் மலை, அவ்வளவுதான். இயேசுவும் ஜனங்களை அனுப்பிவிட்டு ஜெபிக்க மலைக்குப் போனார் என்று மாற்கு 6-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு இரவு முழுவதும் மலையில் ஜெபத்தில் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அவருக்கே அப்படி ஒதுங்கிப் போக ஓர் இடம் வேண்டியிருந்தது.

இது இயற்கையை வணங்குகிற மாதிரி ஆகிவிடாதா?

ஆகலாம், கவனமாக இல்லாவிட்டால். சிருஷ்டித்தவரை விட்டுவிட்டுச் சிருஷ்டியைத் தொழுகிற ஆபத்தைப் பவுல் ரோமர் 1-ல் சொல்கிறார். அதே அதிகாரத்தில், காணப்படாத தேவனுடைய நித்திய வல்லமை படைக்கப்பட்டவைகளால் தெளிவாய்க் காணப்படும் என்றும் சொல்கிறார். அதனால் பார்க்கக் கூடாது என்பது பதில் இல்லை. பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது.

121-ம் சங்கீதம் இங்கே நன்றாக உதவும். நம் பழைய மொழிபெயர்ப்பில், "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று இருக்கிறது. இதை மட்டும் வாசித்தால் ஒத்தாசை பர்வதத்திலிருந்து வருகிறது போலத் தோன்றும். இன்னும் பல மொழிபெயர்ப்புகள் அந்த வசனத்தின் பின்பாதியைக் கேள்வியாக எழுதுகின்றன: மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும்? அடுத்த வசனம் பதில்: "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்." கண் மலையில் ஆரம்பித்து, அதை உண்டாக்கினவரிடம் போய்ச் சேருகிறது. நடக்கும்போது மனசுக்குள்ளும் அதே வரிசை இருந்தால் போதும்.

நாங்கள் இருவரும் இதுவரை மலை ஏறியதில்லை. எந்த மாதிரிப் பாதையில் ஆரம்பிப்பது?

தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு அது. "வெறும் 8 கிலோமீட்டர்தானே" என்று கிளம்புவார்கள். அந்த எட்டில் எவ்வளவு ஏற்றம் என்பதுதான் கேள்வி.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் 600 மீட்டர் ஏற்றமுள்ள 10 கிலோமீட்டர் பாதைக்கு 3 மணி நேரம். இது நல்ல உடல்வாகு உள்ளவர்கள் நிற்காமல் நடக்கிற கணக்கு. ஆரம்பிக்கிற தம்பதிகளுக்கு நான் சொல்வது: வருகிற விடையை ஒன்றரையால் பெருக்குங்கள், உட்காருகிற நேரத்தைத் தனியாகச் சேருங்கள்.

முதல் நடைக்கு 300 மீட்டருக்கு மேல் ஏற்றம் வேண்டாம். பலர் நடக்கிற, குறியீடுகள் உள்ள பாதையாக இருக்கட்டும். அப்புறம், கிளம்புமுன்பே "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்று ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு இன்னும் கால் மணி நேரம்தான் என்று தோன்றும்போது அந்த நேரம் வந்தாலும் திரும்ப வேண்டும். அதிகாலையில் கிளம்புவது நல்லது. மலைகளில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கூடும்.

ஒருவர் வேகமாக நடக்கிறார், மற்றவர் மெதுவாக. என்ன செய்வது?

எங்கள் திருமண வாழ்க்கையில் எனக்கு மலை கற்றுக்கொடுத்த முக்கியமான பாடம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

எங்கள் இருவரில் வேகமாக நடப்பவள் நான். அவருக்கு ஒரு முழங்கால் பழைய தொந்தரவு. ஆரம்ப வருடங்களில் நான் முன்னால் போய்விடுவேன். ஏதாவது ஒரு வளைவில் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, காற்று வாங்கி, காட்சியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பேன். அவர் மூச்சு வாங்க வந்து சேருவார். "வந்துட்டீங்களா, சரி போகலாம்" என்று எழுந்துவிடுவேன். நான் பொறுமையாகக் காத்திருக்கிறேன் என்று மனசார நம்பினேன். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் அப்படி நாலாவதோ ஐந்தாவதோ வளைவில் நான் எழுந்தபோது, அவர் எதுவும் பேசாமல் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் இல்லை, முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலையிலிருந்து நான் நாலைந்து முறை ஓய்வெடுத்திருக்கிறேன். அவர் ஒரு முறைகூட எடுக்கவில்லை. ஓய்வு தேவையில்லாதவளுக்கு எல்லா ஓய்வும் கிடைத்திருக்கிறது. தேவைப்பட்டவருக்கு, "வந்துட்டீங்களா" என்ற வார்த்தை மட்டும்.

சில நடைகளுக்குப் பிறகு, மெதுவாக நடப்பவர்தான் முன்னே என்று ஆனது. இது எங்கள் வீட்டுச் சட்டம். மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற வழிகாட்டிகளும் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். முன்னே போகிறவருக்குத் துரத்தப்படுகிற உணர்வு இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, பேச முடிகிறது. ஏறும்போது முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். வார்த்தை வார்த்தையாகத் திணறினால் வேகம் கூடுதல்.

ஆதியாகமம் 33-ல் ஒரு காட்சி உண்டு. யாக்கோபும் ஏசாவும் பல வருடப் பகைக்குப் பின் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஏசா, வா சேர்ந்து போகலாம் என்கிறான். யாக்கோபு, நீர் முன்னே போம், நான் பிள்ளைகளின் நடைக்கும் கால்நடைகளின் நடைக்கும் தக்கதாக மெதுவாய் வருகிறேன் என்கிறான். அவசரமாய் ஓட்டினால் ஒரே நாளில் மந்தை செத்துப்போகும் என்றும் சொல்கிறான். யாக்கோபு அதைச் சொன்னதில் வேறு கணக்குகளும் இருந்திருக்கலாம், அவன் அப்படிப்பட்ட ஆள்தான். ஆனாலும் பலவீனமானவர்களின் காலுக்கு ஏற்றபடி முழுக் கூட்டத்தின் வேகத்தையும் வைக்கிற அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் ஆண்டவர் என்னோடு எந்த வேகத்தில் நடந்திருக்கிறார் என்று யோசிப்பேன். அவர் முன்னால் போய் ஒரு வளைவில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டதே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. நான் அவருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்த பிறகுதான் மலையைப் பார்த்தேன். அதுவரை பாதையை மட்டும் பார்த்திருக்கிறேன். பாறை இடுக்கில் பூத்திருக்கிற, நகத்தளவு பூவையெல்லாம் என் வேகத்தில் பார்க்கவே முடியாது.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

மிதமான வெயிலில் நடக்க ஓர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. வெயில் கடுமையென்றால் அதற்கு மேல். உயரம் ஏற ஏற, சராசரியாக 1000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குளிர் கூடும். அடிவாரத்து வெயிலைப் பார்த்து உடுத்தாமல், கழற்றி மாட்டக்கூடிய அடுக்குகளாக உடுத்துங்கள். பருத்தித் துணி நனைந்தால் காய நேரமாகும், குளிரில் அது ஆபத்து. மழைச்சட்டை, டார்ச், வலைத்தொடர்பு இல்லாமலும் திறக்கிற வரைபடம், முதலுதவிப் பொருட்கள், விசில். ஆபத்து அழைப்புக்கு ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊத வேண்டும். பிறகு ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு மீண்டும் ஆறு முறை. கேட்டவர்கள் மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தவுடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பாதி பலன்தான். துணையிடம் சொல்லக் கூச்சப்பட்டு நடக்கிறவர்கள் உண்டு. வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எலியா மனம் உடைந்து, போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது, தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, எழுந்திருந்து சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். பாதையில் துணை சட்டென்று எரிச்சலாகப் பேசினால், பதில் பேசுமுன் கையில் கொஞ்சம் உலர்பழமும் கடலையும் கொடுங்கள். பாதிக்கு மேல் அது பசிதான்.

எப்போது திரும்ப வேண்டும் என்று யார் முடிவு செய்வது?

திரும்பலாம் என்று யார் சொல்கிறாரோ அவர். காரணம் கேட்கக் கூடாது, சமாதானம் பேசக் கூடாது. ஏறுவதற்கு இருவரும் சம்மதிக்க வேண்டும், திரும்புவதற்கு ஒருவர் போதும். இந்த ஒப்பந்தத்தை அடிவாரத்திலேயே செய்துகொள்ளுங்கள், பாதி வழியில் பேசினால் அது சண்டையாகிவிடும்.

சில விஷயங்களில் ஒப்பந்தமே தேவையில்லை. இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்க வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. சுமார் 2500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ வந்தால், அதை உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்துங்கள். குறையாவிட்டால் இறங்குவதுதான் மருந்து. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பல நாள் நடையில் 3000 மீட்டருக்கு மேல் போனால், தூங்குகிற இடத்தின் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். ஜெபம் பண்ணிக்கொண்டே மேலே ஏறிவிடலாம் என்று நினைப்பது விசுவாசம் இல்லை. ஜெபம் பண்ணிக்கொண்டே இறங்குங்கள்.

வழியில் சண்டை வந்துவிடுகிறது. நன்றி சொல்லப் போய் முறுமுறுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

அப்படி நடக்காத தம்பதியை நான் பார்த்ததில்லை. நீங்கள் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். செங்கடலைக் கடந்து, தம்புரு அடித்துப் பாடின ஜனங்கள் மூன்று நாள் நடையில் தண்ணீருக்காக முறுமுறுத்தார்கள். யாத்திராகமம் 15-ம் அதிகாரத்திலேயே பாட்டும் இருக்கிறது, முறுமுறுப்பும் இருக்கிறது.

நாங்கள் கண்டுபிடித்தது: மலையில் வருகிற சண்டை பெரும்பாலும் மலையைப் பற்றியது இல்லை. "வரைபடத்தை நீங்கதானே பார்த்தீங்க" என்பதற்குப் பின்னால் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒன்று இருக்கும். நடை அதை வெளியே எடுத்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே எழுந்துபோக வேறு அறை இல்லை. அதுவே நல்லதும்கூட. முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேச முடியாததை முன்னும் பின்னுமாக நடந்துகொண்டு பேச முடிகிறது. கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. மௌனமும் அசிங்கமாகத் தெரிவதில்லை, மூச்சு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சண்டை வந்தால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். பிரிந்து நடக்காதீர்கள். கோபத்தில் ஒருவர் முன்னே விறுவிறுவென்று போய்விடுவது மனசுக்கும் கெடுதல், பாதுகாப்புக்கும் கெடுதல். "ஒருவன் விழுந்தால் அவன் உடனாளி அவனைத் தூக்கிவிடுவான்" என்ற பிரசங்கியின் வசனத்தைத் திருமண அழைப்பிதழில் அச்சடிக்கிறோம். கை எட்டுகிற தூரத்தில் இருந்தால்தான் தூக்கிவிட முடியும்.

நடக்கும்போது நன்றி சொல்வது என்றால் நடைமுறையில் எப்படி?

நாங்கள் ஏறும்போது அதிகம் பேசுவதில்லை, இறங்கும்போது சொல்கிறோம். ஏற்றத்தில் மூச்சுக்கு வேலை இருக்கிறது. அந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் தனக்குள் சேர்த்துக்கொண்டே போகலாம்.

பொதுவாகச் சொல்லாதீர்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே" என்பது ஒன்றையும் பார்க்காதவரும் சொல்லக்கூடிய வாக்கியம். 136-ம் சங்கீதத்தைப் பாருங்கள். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது." முன்பாதியில் மட்டும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வருகிறான்: வானம், பூமி, சூரியன், சந்திரன், செங்கடல், பெயர் சொல்லி சில ராஜாக்கள்கூட. நாங்கள் அதே மாதிரி செய்கிறோம். ஒருவர் ஒரு விஷயம் சொல்ல, மற்றவர் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்பார். முதல் ஐந்து சுலபமாக வந்துவிடும். பத்துக்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கும். உண்மையான நன்றி அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் அனுபவம். "அந்த வழுக்குப் பாறையில் நீ கை கொடுத்ததற்காக." "காலையில் ஷூ கயிறு கட்டக் குனிய முடிகிற முதுகுக்காக."

இன்னொரு வழி, ஆரோகண சங்கீதங்கள். 120 முதல் 134 வரை மொத்தம் 15. ஆரோகணம் என்றாலே ஏறுதல். பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர்கள் பாடியவை என்பது பரவலான கருத்து. எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர். ஆக, எரிகோ வழியாய் வந்தவர்கள் ஏறத்தாழ 1000 மீட்டர் ஏறியிருக்கிறார்கள். "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்ற வரி அவர்களுக்கு உவமையாக மட்டும் இருந்திருக்காது. இவை எல்லாமே சின்னச் சங்கீதங்கள், 132-ம் சங்கீதம் மட்டும் கொஞ்சம் நீளம். ஒவ்வொரு ஓய்விலும் ஒன்று வாசித்தால் ஒரு நாள் நடைக்குப் போதும்.

சிலர், சாமுவேல் எபெனேசர் கல் நிறுத்தினானே, நாமும் கல் அடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பல மலைகளில் கற்குவியல்தான் வழிகாட்டும் குறி. புதிதாக ஒன்று அடுக்கினால் பனிமூட்டத்தில் வருகிறவர் வழி தவறலாம். கல்லுக்கு அடியில் வாழ்கிற சிறு உயிர்களும் வெயிலுக்கு வந்துவிடும். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று வாயால் சொல்லிவிட்டு, வழியில் கிடக்கிற குப்பையைப் பொறுக்கிக்கொண்டு இறங்குங்கள்.

என் துணைக்கு விசுவாசமில்லை. ஜெபம், வசனம் என்றாலே ஒதுங்குகிறார். அவரோடு இதெல்லாம் எப்படி?

அவரை ஜெபிக்க வைப்பதற்காக மலைக்குக் கூட்டிப்போகாதீர்கள். தெரிந்துவிடும், அப்புறம் மலையும் பிடிக்காமல் போகும். நன்றியை அவரிடமே சொல்லுங்கள். "நீங்க வந்ததாலதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்பதற்கு விசுவாசம் தேவையில்லை, யாருக்கும் அது கேட்கப் பிடிக்கும். ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லுங்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மேலே போனால் ஒரே பனிமூட்டம். ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றத்தோடு எப்படி நன்றி சொல்வது?

எங்களுக்கு இது பல முறை நடந்திருக்கிறது. ஒரு முறை நாலரை மணி நேரம் ஏறி, உச்சியில் அவருடைய முதுகுப்பையைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. வெள்ளையாக, ஈரமாக, சத்தமே இல்லாமல் இருந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது எனக்கு.

அவர் ஒரு கேள்வி கேட்டார்: "காட்சி தெரிஞ்சிருந்தா அதுக்கு நன்றி சொல்லியிருப்போம். இப்ப யாருக்குச் சொல்றது?" கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது எனக்குள் இறங்கியது. நான் இவ்வளவு நாளும் காட்சிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுத்தவருக்குச் சொன்னேனா என்று அன்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆபகூக், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடியில் பழம் இல்லாமற்போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று சொல்லிவிட்டு, கடைசி வசனத்தில் அவர் என் கால்களை மான்கால்களைப் போலாக்கி உயரமான ஸ்தலங்களில் நடக்கப்பண்ணுவார் என்று முடிக்கிறான். கையில் ஒன்றுமில்லாதவன் எழுதிய மலைப்பாட்டு அது. அன்று அந்தப் பனியில் அதைச் சத்தமாக வாசித்தோம். எங்கள் குரல் பத்தடிக்கு மேல் போயிருக்காது.

துக்கத்தில் இருக்கிறோம். நன்றி என்ற வார்த்தையே வாயில் வரவில்லை. அப்போதும் போகலாமா?

போங்கள். நன்றி சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தோடு போகாதீர்கள்.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற தெசலோனிக்கேயர் வசனத்தைத் துக்கத்தில் இருப்பவர்கள் தலையில் கல்லாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு வலிக்கிறது. அங்கே இருக்கிற வார்த்தை எல்லாவற்றிலேயும். அந்தச் சூழ்நிலைக்கு உள்ளே இருந்துகொண்டு என்று பொருள். எபேசியர் 5-ல் எல்லாவற்றிற்காகவும் என்றும் பவுல் எழுதியிருக்கிறார், அதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் அதே பவுல் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றும் எழுதினார். லாசருவை எழுப்பப்போகிற இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். இழப்பை நல்லது என்று சொல்ல ஆண்டவர் உங்களைக் கேட்கவில்லை.

எம்மாவுக்கு நடந்த இருவரை நினைத்துப் பாருங்கள். சுமார் 11 கிலோமீட்டர் வழி. ஒருவர் பெயர் கிலெயோப்பா, மற்றவர் பெயர் சொல்லப்படவில்லை. அது அவருடைய மனைவியாக இருக்கலாம் என்று கருதுகிறவர்களும் உண்டு. துக்க முகத்தோடு, நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டு போகிறார்கள். அவர்களோடு சேர்ந்து நடந்த இயேசு முதலில் செய்தது, என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டதுதான். நாங்களும் ஒரு வருடம் அப்படி நடந்திருக்கிறோம். துதியும் இல்லை, சங்கீதமும் இல்லை. ஒரே பெயரைச் சொல்லி மாறி மாறி அழுதோம். அந்த நடைகளுக்காக நான் நன்றி சொல்ல ஆரம்பித்தது ரொம்பக் காலம் கழித்து.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பதிலாக மலைக்குப் போகலாமா?

நாங்கள் போவதில்லை. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. மலையில் நமக்குப் பிடித்தவர் ஒருவரோடு மட்டும் நடக்கிறோம், சபையில் நாம் தேர்ந்தெடுக்காதவர்களோடு உட்காருகிறோம். இரண்டும் வேண்டும். வேறு நாள் கிடைக்காதவர்கள் ஆராதனை முடிந்து சின்னப் பாதை ஒன்றுக்குப் போகலாம்.

போட்டோ எடுக்கலாமா?

தாராளமாக. நாங்கள் உச்சிக்குப் போனதும் முதல் பத்து நிமிடம் மட்டும் கைபேசியை வெளியே எடுப்பதில்லை.

வேதத்தில் வருகிற மலைகளிலேயே நடக்க முடியுமா?

சிலவற்றில் முடியும். சீனாய் என்று பாரம்பரியமாகச் சொல்லப்படுகிற ஜெபல் மூசா எகிப்தில் இருக்கிறது, உயரம் 2285 மீட்டர். துறவிகள் அமைத்த சுமார் 3750 படிகள் அதில் ஒரு வழி. இஸ்ரவேலில் உள்ள தாபோர் மலை 600 மீட்டருக்கும் குறைவு, முதல் முறை நடக்கிறவர்களும் ஏறலாம். இயேசு மறுரூபமான மலை அதுதான் என்பது பழைய பாரம்பரியம். 2814 மீட்டர் உயரமுள்ள எர்மோனாக இருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பகுதிகளின் நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும், போகுமுன் விசாரியுங்கள். போக முடியாவிட்டால் குறையொன்றும் இல்லை. சுவிசேஷம் மறுரூப மலையின் பெயரைக்கூடச் சொல்லாமல் "உயர்ந்த மலை" என்று விட்டுவிட்டது.

முழங்கால் வலி, வயதாகிவிட்டது. இனி எங்களால் முடியுமா?

ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலுக்குக் கஷ்டம். இரண்டு ஊன்றுகோல்கள் சுமையைக் கணிசமாகக் குறைக்கும். இறங்கும்போது அவற்றைக் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், சின்னச் சின்ன அடியாக எடுத்து வையுங்கள், கால்நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். நெடுநாள் நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதுவும் முடியாத காலம் வந்தால், மலை தெரிகிற சமதளப் பாதை போதும். என் கணவருக்கு இப்போது அப்படிப்பட்ட நாட்கள் கூடிக்கொண்டு வருகின்றன. அந்த நாட்களில் நாங்கள் அடிவாரத்திலேயே நடக்கிறோம்.

இறங்கிய இரண்டு நாளில் எல்லாம் மறந்துபோகிறது. அந்த நன்றி வீட்டில் தங்க என்ன செய்வது?

மறுரூப மலையில் பேதுரு மூன்று கூடாரம் போட்டு மேலேயே தங்கிவிடலாம் என்றான். மறுநாள் அவர்கள் இறங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். கீழே ஒரு தகப்பன், வியாதிப்பட்ட ஒரே மகனோடு காத்துக்கொண்டிருந்தான். கீழே எப்போதும் யாராவது காத்துக்கொண்டுதான் இருப்பார்கள், பிள்ளைகளோ, வேலையோ, பாத்திரமோ.

எங்களிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, தூங்குமுன் ஆளுக்கு ஒரு வரி எழுதுவோம். மலையைப் பற்றி எழுதக் கூடாது. அன்று மற்றவர் செய்த ஏதாவது ஒன்றைப் பற்றி, ஆண்டவருக்கு நன்றியாக எழுத வேண்டும். பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாக வாசிக்க வேண்டும். மூன்று நிமிட வேலை. கால்வலி இரண்டு மூன்று நாள் இருக்கும், அந்த வரியும் அவ்வளவு நாளாவது கூட இருக்கும். சிலது வருடக்கணக்கில் இருக்கிறது. அவர் பாதையிலேயே உட்கார்ந்துவிட்ட அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் போன முதல் மலைக்கு அவர் எழுதிய வரியை நான் இன்றும் எடுத்து வாசிப்பதுண்டு: "ஆண்டவரே, ஸ்தோத்திரம். இன்று நான் வந்து சேர்ந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை."